மருந்துக்கு அடங்காத பூஞ்சைகள்: எதிர்ப்பாற்றலும் நோய் வீரியமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூஞ்சை நோய் என்றால் தேமலும் படர்தாமரையும்தானே? அதற்கு ஏன் இத்தனை கவலை?

தேமல், படர்தாமரை, கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் ஆகியவை தோலின் மேற்பரப்போடு நின்றுவிடுபவை. சிங்கப்பூரின் புழுக்கத்தில் இவை ஆண்டு முழுவதும் வருகின்றன. தொல்லை தருகின்றனவே தவிர உயிரைப் பறிப்பதில்லை. வேறு சில பூஞ்சைகளோ இரத்தத்திலும் நுரையீரலிலும் மூளையுறையிலும் பரவுகின்றன. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் இருப்போர், நீரிழிவு கட்டுக்கடங்காமல் போனோர் ஆகியோரையே அவை பெரும்பாலும் தாக்குகின்றன. 2024-இல் வெளியான ஓர் உலகளாவிய மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6.5 மில்லியன் பேர் கடுமையான பூஞ்சை நோய்களுக்கு ஆளாகின்றனர், அவர்களுள் 3.8 மில்லியன் பேர் இறக்கின்றனர். அந்த இறப்புகளில் சுமார் 2.5 மில்லியனுக்குப் பூஞ்சையே நேரடிக் காரணம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதன்முறையாக முன்னுரிமை தரவேண்டிய 19 நோய்ப் பூஞ்சைகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் மிக அவசரமானவை எனக் குறிக்கப்பட்டவை நான்கு: கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், கேண்டிடா ஆரிஸ், ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், கேண்டிடா அல்பிகன்ஸ்.

மருந்தெதிர்ப்பும் நோய் வீரியமும் ஒன்றுதானா?

இல்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பூஞ்சை நோய்கள் பற்றிய செய்திகளில் நான் மீண்டும் மீண்டும் காணும் குழப்பம். மருந்து சூழ்ந்திருக்கும்போதும் வளர முடிவது எதிர்ப்பாற்றல். உடலுக்குள் ஒட்டிக்கொண்டு, திசுக்களைச் சிதைத்து, நோயெதிர்ப்பு அணுக்களிடமிருந்து தப்பிப் பெருக முடிவது வீரியம். கேண்டிடா அல்பிகன்ஸ் வீரியம் மிகுந்தது. ஆயினும் அதன் பெரும்பாலான வகைகள் ஃபுளுகோனசோல் என்னும் சாதாரண மாத்திரைக்கு இன்னும் அடங்குகின்றன. அதன் உறவான கேண்டிடா கிளாப்ராட்டா திசுவைத் துளைக்கும் இழைகளை விடுவதில்லை, வீரியத்திலும் ஒரு படி கீழேதான் இருக்கிறது. ஆனால் அதே மாத்திரைக்கு எளிதில் மசிவதில்லை.

மருந்தை எதிர்க்கும் பூஞ்சை என்று கேட்டவுடன், ஆரோக்கியமான ஒருவரையும் அது வீழ்த்திவிடும் என்று அஞ்சுவது பொருந்தாது. மாறாக, 'வீரியம் குறைந்த கிருமிதானே' என்று மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர் விஷயத்தில் அலட்சியமாக இருப்பதும் பொருந்தாது. எதிர்த்து நிற்க உடலில் வலு இல்லாதபோது, குறைந்த வீரியமே போதுமானதாகிவிடுகிறது.

பாக்டீரியாவுக்கு அத்தனை மருந்துகள் இருக்க, பூஞ்சைக்கு மட்டும் ஏன் இத்தனை குறைவு?

பூஞ்சைகள் பரிணாம வழியில் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கமானவை. அவற்றின் உயிரணுவும் நம் உயிரணுவும் பெரும்பாலும் ஒரே வகையில் இயங்குவதால், பூஞ்சையைக் கொல்லும் பொருள் நம்மையும் தாக்க வாய்ப்பு அதிகம். நம்மிடம் இல்லாமல் அவற்றிடம் மட்டும் இருப்பவை சிலவே. அவற்றுள் இரண்டு, மருந்துகளுக்குத் தலையாய இலக்குகள்: உயிரணுச் சவ்வில் நம் கொலஸ்ட்ராலின் இடத்தில் பூஞ்சைகள் வைத்திருக்கும் எர்கோஸ்டெரால், உயிரணுச் சுவரில் உள்ள குளூக்கான்.

ஃபுளுகோனசோல், வோரிகோனசோல், இட்ராகோனசோல் போன்ற அசோல்கள் எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கின்றன. தோல் நோய்க்குத் தரப்படும் டெர்பினஃபைனும் அதே உற்பத்தித் தொடரை வேறொரு கட்டத்தில் நிறுத்துகிறது. 1950-களில் வந்த ஆம்ஃபோடெரிசின் பி, எர்கோஸ்டெராலைப் பற்றிச் சவ்விலிருந்து வெளியே இழுக்கிறது; சிறுநீரகத்துக்கு அது கடுமையானது. கேஸ்போஃபஞ்சின் முதலிய எக்கினோகேண்டின்கள் குளூக்கான் உருவாவதைத் தடுக்கின்றன. இவை உடலுக்குத் தீங்கு குறைந்தவை. ஆனால் இதுவரை பரவலாகப் பயன்பட்டுவருபவற்றை ஊசிவழி மட்டுமே தர முடியும், சிறுநீரிலும் மூளையிலும் கண்ணிலும் அவை போதிய அளவு சேர்வதில்லை. ஆகவே கடுமையான தொற்றுக்கு மருத்துவர் கையில் உண்மையில் இருப்பவை மூன்று பெரும் குடும்பங்கள்தாம். ஒன்று பயன்படாமல் போனால் எஞ்சுவது இரண்டு. அவற்றுள் ஒன்றை நோயாளியின் சிறுநீரகம் தாங்காமல் போகலாம்.

பூஞ்சை மருந்தை எவ்வாறு முறியடிக்கிறது?

முதல் வழி, மருந்து பற்றும் இடத்தை மாற்றிக்கொள்வது. அசோல்கள் பற்றும் நொதியை உருவாக்கும் மரபணுவில் ஓரெழுத்து மாறினால்கூட மருந்தின் பிடி தளர்ந்துவிடும். எக்கினோகேண்டின்களுக்கு எதிரான ஆற்றலும் எஃப்கேஎஸ்1 என்னும் மரபணுவின் குறிப்பிட்ட சில இடங்களில் நேரும் மாற்றங்களாலேயே பெரும்பாலும் வருகிறது.

இரண்டாவது வழி, உள்ளே வந்த மருந்தை வெளியேற்றுவது. ஓட்டை விழுந்த படகிலிருந்து நீரை இறைப்பதுபோல, சவ்வில் உள்ள இறைப்புப் புரதங்கள் அசோலை ஓயாமல் வெளியே தள்ளுகின்றன. ஒரே புரதம் பல அசோல்களையும் தள்ளக்கூடியது என்பதால், ஃபுளுகோனசோலுக்கு அடங்காதது வோரிகோனசோலுக்கும் அடங்காமல் போவதுண்டு. மூன்றாவதாக, இலக்கு நொதியையே அளவுக்கு மீறி உற்பத்தி செய்து மருந்தைத் திணறடிக்கலாம். இதற்குப் பூஞ்சைகள் சில வேளைகளில் மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தம் ஒன்றை முழுதாகவோ அதன் ஒரு கையை மட்டுமோ கூடுதலாக வைத்துக்கொள்கின்றன. மருந்து நின்றதும் அந்தக் கூடுதல் சுமையை உதறிவிடவும் அவற்றால் முடிகிறது.

இவற்றோடு உயிர்ப்படலத்தையும் சேர்க்க வேண்டும். நாளக்குழாய் (மருந்து செலுத்த இரத்தநாளத்துக்குள் பொருத்தும் குழாய்), செயற்கை இதயத் தடுக்கிதழ் போன்றவற்றின் மேல் பூஞ்சைகள் பசைபோன்ற படலமாகப் படர்கின்றன. தனியே மிதக்கும்போது மருந்துக்கு மடியும் அதே உயிரணு, படலத்துக்குள் பன்மடங்கு மருந்தையும் தாங்கும். மரபணு மாற்றம் எதுவும் இதற்குத் தேவையில்லை. இரத்தத்தில் கேண்டிடா கண்டறியப்பட்டவுடன் மைய நாளக்குழாயை அகற்ற மருத்துவர்கள் முனைவது இதனால்தான். 'ஊசி குத்தவே நரம்பு கிடைக்காதவருக்கு இருந்த குழாயையும் எடுக்கிறார்களே' என்று குடும்பத்தார் வருந்துவது இயல்பே. ஆனால் அந்தக் குழாயே பூஞ்சையின் இருப்பிடமாகிவிட்டால், எந்த மருந்தும் முழுப்பயன் தராது.

வீரியம் எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு பூஞ்சைக்கும் வெவ்வேறு வழி. கேண்டிடா அல்பிகன்ஸ் உருண்டை வடிவிலிருந்து நீண்ட இழையாக மாறித் திசுவைத் துளைக்கிறது. அப்போது கேண்டிடாலைசின் என்னும் நச்சுப் புரதத்தைச் சுரந்து உயிரணுக்களின் சவ்வைச் சிதைக்கிறது என்பது 2016-இல் வெளிவந்த கண்டுபிடிப்பு. கிரிப்டோகாக்கஸ் சர்க்கரைப் பொருளாலான தடித்த உறையைப் போர்த்திக்கொள்கிறது, மெலனின் நிறமியைச் சேர்த்துக்கொள்கிறது, நம் வெள்ளணுக்கள் விழுங்கினாலும் அவற்றுக்குள்ளேயே வாழ்கிறது. ஆஸ்பர்ஜில்லஸின் வித்துகள் 2 முதல் 3 மைக்ரோமீட்டர் அளவே உடையவை. மூச்சோடு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்றுவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஓர் ஆற்றல் உண்டு: 37 பாகை வெப்பத்தில் வளர்வது. உலகில் உள்ள பூஞ்சை இனங்களில் மிகப் பெரும்பாலானவற்றால் அது இயலாது. நம்மைக் காக்கும் மிகப் பழைய அரண் நம் உடல் வெப்பமே.

எதிர்ப்பாற்றல் கூடினால் வீரியம் குறையும் என்கிறார்களே, அது உண்மையா?

சில வேளைகளில் உண்மை, எப்போதும் அன்று. இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்க்கும் கேள்வி இதுதான். நோயாளியின் நிலையைத் தீர்மானிப்பதில் இதற்கு நேரடிப் பங்கு உண்டு என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன்.

ஆம்ஃபோடெரிசினை எதிர்க்கும் கேண்டிடா அல்பிகன்ஸ் அதற்குப் பெரும் விலை கொடுக்கிறது. எர்கோஸ்டெராலை மாற்றிக்கொண்டதால் அதன் சவ்வு நலிகிறது. காய்ச்சல் வெப்பத்தையும் வெள்ளணுக்களின் தாக்குதலையும் தாங்க முடிவதில்லை. இழை விட்டுத் திசுவுக்குள் நுழைவதும் கடினமாகிறது. எழுபது ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்தும் அந்த மருந்துக்கான எதிர்ப்பு இந்த இனத்தில் அரிதாகவே காணப்படுவதற்கு இது ஒரு வலுவான விளக்கம். எஃப்கேஎஸ்1 மாற்றம் பெற்ற கேண்டிடா அல்பிகன்ஸின் உயிரணுச் சுவர் தடித்துவிடுகிறது; விலங்குச் சோதனைகளில் அதன் வீரியம் குறைந்தே காணப்பட்டது.

கேண்டிடா கிளாப்ராட்டாவில் நிலைமை தலைகீழ். இறைப்புப் புரதங்களை முடுக்கிவிடும் பிடிஆர்1 என்னும் மரபணுவில் ஏற்படும் சில மாற்றங்கள் மருந்தை எதிர்க்க உதவுவதோடு, சோதனை எலிகளில் வீரியத்தையும் கூட்டின. அங்கே விலையே இல்லை, இரட்டை ஆதாயம். ஆஸ்பர்ஜில்லஸில் அசோலை எதிர்க்கும் மிகப் பரவலான மாற்றமும் குறிப்பிடத்தக்க நலிவு எதையும் தருவதாகத் தெரியவில்லை. மருந்தில்லாத வெட்டவெளியிலும் அவ்வகை நிலைத்திருக்க முடிவது அதனால்தான்.

இரு ஆற்றல்களுக்கும் பொதுவான வேர்களும் உள்ளன. கால்சினியூரின் என்னும் நொதி இல்லாவிட்டால் கிரிப்டோகாக்கஸால் 37 பாகையில் வளரவே முடியாது. வேறு பூஞ்சைகளில் அதே நொதி மருந்தின் தாக்குதலைத் தாங்கவும் துணைபுரிகிறது. எச்எஸ்பி90 என்னும் வெப்பக் காப்புப் புரதமும் அப்படியே: புதிதாகத் தோன்றிய எதிர்ப்பு மாற்றங்கள் நிலைபெற அது தாங்குகோலாக நிற்கிறது, வெப்பம் கூடும்போது கேண்டிடா இழை விடுவதையும் நெறிப்படுத்துகிறது. இந்த வேர்களை அறுக்க முடிந்தால் வீரியமும் எதிர்ப்பாற்றலும் ஒருசேரத் தளரும். ஆனால் இவ்விரண்டும் நம் உடலிலும் உள்ளன. பூஞ்சையினுடையதை மட்டும் தாக்கும் மூலக்கூறைத் தேடுவதே ஆய்வாளர்களின் பாடு.

கேண்டிடா ஆரிஸ் சிங்கப்பூரில் உள்ளதா?

உள்ளது. ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுக்கப்பட்டு 2009-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்தப் பூஞ்சை, சில ஆண்டுகளிலேயே பல கண்டங்களின் மருத்துவமனைகளில் தனித்தனியே தலைகாட்டியது. சிங்கப்பூரில் முதல் மூன்று நோயாளிகள் பற்றிய அறிக்கை 2018-இல் வெளிவந்தது. மரபணு அடிப்படையில் அதற்கு ஐந்து கிளைகள் இருப்பதாகக் கருதப்பட்டுவந்த நிலையில், ஆறாவது கிளையைச் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை ஆய்வாளர்களும் அவர்களுடன் பணியாற்றிய குழுவினரும் இங்கேயே கண்டறிந்து 2024-இல் அறிவித்தனர். அண்மைக் காலத்தில் இதன் பெயரைக் கேண்டிடோசைமா ஆரிஸ் என்றும் மாற்றியுள்ளனர். மருத்துவ அறிக்கையில் எந்தப் பெயர் இருந்தாலும் பூஞ்சை ஒன்றே.

எதிர்ப்பாற்றலும் வீரியமும் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. கேண்டிடா அல்பிகன்ஸ்போல் இது முழுமையான இழைகளை எளிதில் விடுவதில்லை. கேண்டிடாலைசின் நச்சும் இதனிடம் இல்லை. ஆயினும் அமெரிக்காவில் சோதிக்கப்பட்டவற்றில் சுமார் 90 விழுக்காடு ஃபுளுகோனசோலை எதிர்த்தன, ஏறத்தாழ 30 விழுக்காடு ஆம்ஃபோடெரிசினை எதிர்த்தன. எக்கினோகேண்டின்கள் மட்டும் பெரும்பாலும் பயன்படுகின்றன. அவற்றுக்கும் அடங்காத சில தோன்றியுள்ளன. இதன் தனிவலிமை ஒட்டிக்கொள்வதில் இருக்கிறது. மனிதத் தோலில் மாதக்கணக்கிலும், கட்டில் கம்பி, வெப்பமானி போன்ற பொருள்களின் மேல் வாரக்கணக்கிலும் தங்குகிறது. மற்ற கேண்டிடாக்கள் பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் குடலிலிருந்தே இரத்தத்துக்கு வருபவை. இதுவோ படுக்கை விட்டுப் படுக்கைக்குப் பரவுகிறது.

இன்னொன்று: கிளைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. கிழக்காசியக் கிளை பெரும்பாலும் காதோடு நிற்பது, மருந்துகளுக்கும் பொதுவாக அடங்குவது. தெற்காசியக் கிளையோ மருத்துவமனைகளில் பரவுவதிலும் மருந்தெதிர்ப்பிலும் முன்நிற்பது.

உறவினருக்கு கேண்டிடா ஆரிஸ் இருப்பதாகச் சொல்கிறார்கள். பார்க்கப் போகலாமா?

போகலாம். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு இதனால் நோய் வருவது மிக அரிது. தாதியர் சொல்லும்படி மேலங்கியும் கையுறையும் அணியுங்கள்; வெளியே வரும்போது அவற்றைக் கழற்றிவிட்டுக் கைகளைச் சுத்தம் செய்யுங்கள். ஆல்கஹால் கலந்த கைச்சுத்திகரிப்பான் கைகளுக்குப் போதும். ஆனால் அறைகளைத் துடைக்கப் பயன்படும் சில வழக்கமான கிருமிநாசினிகள் இதைக் கொல்வதில்லை. மருத்துவமனைகள் குளோரினையோ ஹைட்ரஜன் பெராக்சைடையோ நாடுவது அதனால்தான். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் உறவினர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோர் வருகையைத் தள்ளிப்போடுவது நல்லது.

'தோலில் மட்டும் உள்ளது, நோய் இல்லை' என்று சொல்லப்பட்டால், அதற்குப் பொதுவாக மருந்து தரமாட்டார்கள். அது அலட்சியமன்று, தேவையற்ற மருந்து எதிர்ப்பாற்றலையே வளர்க்கும். சென்னையிலோ மதுரையிலோ வேறு எங்கோ மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர், இங்கே அனுமதிக்கப்படும்போது அதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். தக்க பரிசோதனையைத் தொடக்கத்திலேயே செய்ய அது உதவும்.

ஊரிலிருந்து வாங்கிவந்த களிம்பு முன்பெல்லாம் படர்தாமரையைக் குணப்படுத்தியது. இப்போது ஏன் மீண்டும் மீண்டும் வருகிறது?

இரண்டு காரணங்கள் இருக்கலாம்; பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். இந்தியாவில் கடைகளில் எளிதில் கிடைக்கும் பல களிம்புகளில் பூஞ்சை மருந்தோடு கடுமையான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு இரண்டே நாளில் நமைச்சலையும் சிவப்பையும் அடக்கிவிடுவதால் குணமானதாகத் தோன்றும். உண்மையில் அது அந்த இடத்தின் நோயெதிர்ப்பைத்தான் அடக்குகிறது. பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே இருக்கும். வளையம்போன்ற வடிவமும் குலைந்துபோவதால் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகும். தோல் மெலிந்து வரி விழுவதும் உண்டு.

மற்றொரு காரணம், பூஞ்சையே மாறிவிட்டது. டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்னும் இனம் இந்தியத் துணைக்கண்டத்தில் பரவலாகி, 2020-இல் தனி இனமாகப் பெயரிடப்பட்டது. டெர்பினஃபைன் பற்றும் நொதியில் ஏற்பட்ட மாற்றத்தால் அதன் பல வகைகளுக்கு அந்த மருந்து பயன்படுவதில்லை. உடலில் பெரும் பரப்பில் படர்வது, வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது ஆகியவற்றிலும் அது முந்தைய இனங்களை மிஞ்சுகிறது. பயணிகள்வழி பல நாடுகளுக்கும் அது சென்றுவிட்டது. நியூயார்க்கில் 2023-இல் அறிவிக்கப்பட்ட இரு நோயாளிகளுள் ஒருவர் அண்மையில் வெளிநாடு சென்றவரே அல்லர்.

இத்தகைய தொற்றுக்கு இட்ராகோனசோல் மாத்திரை பல வாரங்களுக்குத் தேவைப்படலாம். வேறு மருந்துகளோடு அது முரண்படக்கூடியது என்பதால் மருத்துவர் கண்காணிப்பு அவசியம். பலதுறை மருந்தகத்துக்கோ தோல் மருத்துவரிடமோ செல்லும்போது, வீட்டிலுள்ள களிம்புக் குழாயையும் எடுத்துச் செல்லுங்கள். தங்குவிடுதிகளில் வாழும் ஊழியர்களுக்கு இதைச் சொல்வது இன்னும் முக்கியம் என்று கருதுகிறேன். துண்டையும் படுக்கையையும் பகிர நேரும் இடத்தில் ஒருவர் மட்டும் குணமடைவது நிலைக்காது. பெயர் தெரியாத களிம்புகளை இணையத்தில் வாங்குவதும் வேண்டாம். அறிவிக்கப்படாத ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் குறித்துச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது.

கண்வில்லை அணிவோருக்கும் பூஞ்சைத் தொற்று வருமா?

வரும். சிங்கப்பூர் அதை நேரடியாக அனுபவித்தது. 2005 மார்ச் முதல் 2006 மே வரை இங்கு 66 பேருக்கு ஃபியூசேரியம் பூஞ்சையால் கருவிழித் தொற்று ஏற்பட்டது. ஒரு குறிப்பிட்ட கண்வில்லைக் கரைசலோடு அது தொடர்புபடுத்தப்பட்டு, அந்தக் கரைசல் உலகெங்கும் விற்பனையிலிருந்து மீட்கப்பட்டது. ஃபியூசேரியம் இயல்பிலேயே பல பூஞ்சை மருந்துகளுக்கு அடங்காதது. வில்லையின் மேல் உயிர்ப்படலமாகவும் படியக்கூடியது. வில்லைப் பெட்டியில் உள்ள பழைய கரைசலின் மேல் புதியதை ஊற்றாதீர்கள், குழாய்நீரில் வில்லையைக் கழுவாதீர்கள்.

ஒருபோதும் பூஞ்சை மருந்து உட்கொள்ளாதவருக்கு மருந்தை எதிர்க்கும் பூஞ்சை எப்படி வந்தது?

வயலிலிருந்து வந்திருக்கலாம். பயிர்களையும் பூக்கிழங்குகளையும் காக்கத் தெளிக்கப்படும் பூஞ்சைக்கொல்லிகளில் பல, மருத்துவத்தில் தரப்படும் அசோல்களின் நெருங்கிய உறவுகள். மக்கும் செடிகொடிகளில் வாழும் ஆஸ்பர்ஜில்லஸ் அங்கேயே அவற்றைச் சந்தித்து எதிர்ப்பாற்றல் பெறுகிறது. பின்னர் அதன் வித்துகள் காற்றில் பரவுகின்றன. நெதர்லாந்தில் முதலில் தெளிவாக உணரப்பட்ட இந்த மாற்றம் இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் காணப்படுகிறது. நெதர்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு வந்த பூக்கிழங்குகளிலேயே எதிர்ப்பாற்றல் கொண்ட பூஞ்சை கண்டறியப்பட்டுள்ளது. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் ஒருவர் அந்த வித்தைச் சுவாசித்தால், முதல் மருந்தே பலனற்றுப் போகும். அவர் எந்தத் தவறும் செய்தவர் அல்லர்.

ஆய்வக அறிக்கை 'மருந்துக்கு அடங்கும்' என்றது. ஆனாலும் நோய் குறையவில்லையே?

ஆய்வகச் சோதனை, வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவை ஒரு நாளோ இரு நாளோ கழித்து அளக்கிறது. பூஞ்சைகளுள் ஒரு சிறுபகுதி மருந்திருந்தும் மெல்ல மெல்ல வளரக்கூடும். அந்தத் தாங்குதிறன் இத்தகைய அளவீட்டில் பிடிபடாது. குழாயில் படிந்த உயிர்ப்படலம், மருந்து எட்டாத சீழ்க்கட்டி, குறைந்துபோன வெள்ளணுக்கள் ஆகியவையும் காரணமாகலாம். ஆகவே இது எப்போதும் ஆய்வகத்தின் பிழையோ மருத்துவரின் பிழையோ ஆகாது.

புதிய மருந்துகள் வருகின்றனவா?

வருகின்றன. வாரம் ஒருமுறை ஊசிவழி தரத்தக்க ரெசாஃபஞ்சின் 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. முற்றிலும் புதிய இலக்குகளைத் தாக்கும் ஒலோரோஃபிம், ஃபோஸ்மனோஜெபிக்ஸ் ஆகியவை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வந்துள்ளன. அசோலுக்கு அடங்காத ஆஸ்பர்ஜில்லஸ் மீதும் ஒலோரோஃபிம் செயல்படுவது பெரும் நம்பிக்கை தருகிறது.

ஆனால் ஒலோரோஃபிம் தாக்கும் அதே நொதியைத் தாக்கும் இப்ஃபுளுஃபெனோகுயின் என்னும் பயிர்ப் பூஞ்சைக்கொல்லியும் சந்தைக்கு வந்துவிட்டது. அதற்குப் பழக்கப்பட்ட ஆஸ்பர்ஜில்லஸ் ஒலோரோஃபிமையும் எதிர்க்கிறது என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. நோயாளியின் கைக்கு வரும் முன்பே ஒரு மருந்து மழுங்கிப்போகக்கூடும் என்பது என்னைப் பெரிதும் வருத்துகிறது. சிங்கப்பூர் 2017-இல் வகுத்த மருந்தெதிர்ப்புத் தேசியத் திட்டம் மனிதர், விலங்கு, உணவு, சுற்றுச்சூழல் ஆகிய துறைகளை ஒன்றாக அமரவைத்தது. அது சரியான வழி. இருப்பினும் நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. எந்தப் பூஞ்சைக்கொல்லியை எந்த வயலில் தெளிக்கலாம் என்னும் முடிவும் பெரும்பாலும் அந்நாடுகளில்தான் எடுக்கப்படுகிறது. மனிதருக்கான மருந்தோடு இலக்கைப் பகிரும் எந்தப் பூஞ்சைக்கொல்லிக்கும், அந்த மருந்தின் நிலையை ஆராயாமல் எந்த நாடும் ஒப்புதல் தரக்கூடாது என்று சிங்கப்பூர் அனைத்துலக அரங்குகளில் வலியுறுத்த வேண்டும்.